கிண்ணியாவில் ஒரு கறுப்பு அபாயா

கணினியில் உடுப்பு வடிவமைக்கிறவர்களிடம் எந்த நிறம் கரைச்சல் என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பு என்பார்கள். சிவப்பிலும் நீலத்திலும் ஒரு மடிப்பு விழுந்தால் நிழல் தானாக எழும்பும். கறுப்பில் மடிப்பு, தையல், கழுத்துப் பட்டி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். உருவத்தின் ஓரக்கோடு மட்டும்தான் மிஞ்சும். கிண்ணியாவில் அபாயா தைக்கிற ஒரு வீட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான். அங்கே வருடம் முழுக்கக் கறுப்புத்தான் வேலை.

திருகோணமலை நகரிலிருந்து பஸ் சீனன்குடாவைத் தாண்டி, பிரிமா மாவாலையை ஒரு பக்கம் விட்டுப் பாலத்தில் ஏறுகிறது. 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம். அதற்கு முன்பு இந்தக் கரைக்கு வர ‘பாதை’ எனப்படும் படகுச் சேவைக்குக் காத்திருக்க வேண்டும். கடையில் ஒரு பொத்தான் குறைந்தாலே அரை நாள் போய்விடுமாம். இப்போது துணி கொழும்பிலிருந்து இரவு லொறியில் ஏறினால் காலையில் வாசலில் கிடக்கிறது. துணி வருவதற்கு முன்பே உடுப்பின் படம் கடைக்காரரின் கைத்தொலைபேசிக்குப் போய்விடுகிறது.

வீட்டின் முன்னறையில் ஜூக்கி தையல் மெஷின்கள், வெட்டும் மேசை. பின்னறையில் ஒரு கணினி, அதற்கு மேல் எந்நேரமும் சுற்றும் காற்றாடி. கணினி முன்னால் இருக்கிறவரை மற்றப் பெண்கள் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறார்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் முதலில் தையல் லைனில் இருந்தவர், பிறகு மாதிரி உடுப்புத் தைக்கும் பிரிவுக்கு மாறியவர். 1978இல் தொடங்கிய அந்த வலயத்துக்குக் கிழக்கிலிருந்து போய், போர்டிங்கில் தங்கி, இளமையை அங்கே கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் ஏராளம். இவர் திரும்பும்போது ஒரு தொழிலையும் கொண்டுவந்தார். 2020இல் கொவிட் முடக்கத்தில் மாதிரி உடுப்புகளை விமானத்தில் அனுப்பமுடியாமல் போக, இலங்கையின் ஏற்றுமதி ஆலைகள் முப்பரிமாண மாதிரிகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டன. அந்த நேரம்தான் இவரும் க்ளோ மென்பொருளில் கை வைத்திருக்கிறார்.

க்ளோ தென் கொரியத் தயாரிப்பு. வெட்டிய பெட்டர்ன் துண்டுகளைத் திரையில் வைத்து, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று காட்டிவிட்டால், உருவப் பொம்மையின் மேல் அது துணியாக விழுந்து மடியும். துணி விழுகிற விதத்தைக் கணக்கிடுவதில் 1998இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் வெளியிட்ட ஆய்வு பெரிய திருப்பம். அதன் பிறகே இத்தகைய கணக்கு சாதாரண வேலைக்கு உதவுகிற வேகத்துக்கு வந்தது. ஆனால் வேலை செய்யும்போது திரையில் தெரிவது அவசரப் படம். கடைக்கு அனுப்பும் படத்துக்கு ரெண்டர் போட வேண்டும். விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் துணியில் பட்டு, சிதறி, பக்கத்து மடிப்பில் பட்டுக் கண்ணுக்கு வரும் பாதையை ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் வேலை அது. க்ளோவுக்குள் இதைச் செய்வது வி-ரே, பல்கேரியாவின் சோபியா நகரில் பிறந்த மென்பொருள்.

அவர் எனக்கு முதலில் காட்டியது நிறப் பெட்டியைத்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 0 என்று இருந்தது. ரெண்டர் போட்டார். பொம்மையின் முகத்துக்குக் கீழே ஒரே இருட்டு. பிறகு மூன்றையும் 40 ஆக்கினார். விளக்கைத் தொடவில்லை. இரண்டாவது படத்தில் தோளிலிருந்து இறங்கும் மூன்று நீண்ட மடிப்புகள் தெரிந்தன. கை பொருந்தும் இடத்தில் துணி லேசாக இழுபடுவதும் தெரிந்தது. உலகத்தில் எந்தக் கறுப்புத் துணியும் முழுக் கறுப்பு இல்லை. விழுகிற வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கையாவது திருப்பி அனுப்பும். சுழியத்தை எழுதினால் எதையும் திருப்பாத, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு துணியைக் கேட்டதாகிறது. “விளக்கைக் கூட்டினா சரிவரும் எண்டு எல்லாரும் நினைக்கிற அக்கா. விளக்கைக் கூட்டினா முகம்தான் வெளுக்கும், துணி அப்படியேதான் கிடக்கும்” என்றார்.

அடுத்தது சொரசொரப்பு. அபாயாவுக்குப் பாவிக்கும் நிடா, கிரேப் என்ற துணிகள் இரண்டுமே பொலியெஸ்டர், இரண்டுமே கறுப்பு. நிடாவின் முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் வழுக்கும். கிரேப் அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு ஸ்லைடரைக் கொஞ்சம் இழுத்தால் கிரேப் நிடாவாகிவிடும், இன்னும் இழுத்தால் இரண்டும் மழைச்சட்டையாகிவிடும். நெசவின் அளவும் அப்படி. துணியை ஸ்கேன் செய்து ஏற்றும்போது அது உண்மையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று கொடுக்காவிட்டால், மெல்லிய நெசவு பெருத்துச் சாக்குத்துணியாகத் தெரியும். அவருடைய மேசையில் எப்போதும் ஓர் அடிமட்டம் கிடக்கிறது. துணியின் ஒடுக்கமான துண்டொன்றை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அது எவ்வளவு தூரத்தில் வளைந்து விழுகிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறார். கிராம் தராசில் நிறையும் பார்க்கிறார். கணினி வேலை என்று பார்க்கப் போன நான் அங்கே அதிகம் பார்த்தது, விரலால் துணியைத் தேய்த்துப் பார்க்கும் ஒரு பெண்ணைத்தான்.

திரைத் துணி சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. முக்கோணத்தின் முனைகளுக்கு இடையிலான தூரம் வழக்கமாக 20 மில்லிமீற்றரில் தொடங்கும். பெட்டர்ன் சரிபார்க்க அது போதும். கடைசிப் படத்துக்கு 5க்கு இறக்குகிறார். தூரத்தைப் பாதியாக்கினால் முக்கோணங்கள் நாலு மடங்கு. 20இலிருந்து 5க்கு வந்தால் பதினாறு மடங்கு. அதனால் அவர் முழு உடுப்பையும் இறக்குவதில்லை. கழுத்து, கைமுனை, பொத்தான் பட்டி என்று கண் போகும் இடங்களை மட்டும் நுணுக்குகிறார். பிறகு, துணி ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க மென்பொருள் வைக்கும் இடைவெளியையும் குறைக்கிறார். அதை விட்டுவிட்டால் துணி உடம்பிலிருந்து தள்ளி நின்று, பார்க்கிறவருக்கு ஒரு சைஸ் பெரியதாகத் தோன்றும்.

வேலை நேரம் எல்லாம் போவது புள்ளிகளில். வெளிச்சக் கணக்கு குறைவாக நடந்தால் படத்தில் மணல் தூவியமாதிரிப் புள்ளிகள் நிற்கும். கறுப்பில் அது இன்னும் கண்ணை உறுத்தும். அந்தப் புள்ளியைப் பாதியாகக் குறைக்கக் கணக்கு நாலு மடங்கு நடக்கவேண்டும். குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: புள்ளியைத் துடைக்கும் வடிகட்டி. நிமிடத்தில் படம் பளிச்சென்று ஆகும். அதோடு நெசவும் துடைபட்டுப்போகும். இவர் அதைக் குறைந்த அளவில்தான் பாவிக்கிறார். A4 தாளில் அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480க்கு 3508. கடைக்காரர் வட்ஸ்அப்பில் பார்க்கத்தான் போகிறார் என்றால் அதில் பாதி அகலம் தாராளம். வெயிலில் கணினி சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறபடியால் பெரிய ரெண்டர் எல்லாம் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது அதுவும் முடியவில்லை. அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுவது டொலரில். தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவது ரூபாயில்.

நான் போனபோது ஒரு பிணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒருவருக்கு, பழைய படத்தில் இருந்த மினுக்கம் புதிய படத்தில் இல்லை. கிரேப் விலையில் நிடாவின் மினுக்கம் வேண்டுமாம். சொரசொரப்பைக் குறைத்து அனுப்பினால் ஓடர் கிடைக்கும். இவர் மறுத்துவிட்டார்.

“மினுக்கிக் குடுக்கலாம் அக்கா, எனக்கு ஒரு நிமிசம். சாமான் போனதும் படத்தில இருக்கிற மாதிரி இல்லையெண்டு திருப்பி அனுப்புவாங்க. அப்ப படம் போட்டவவக் கேக்கிறதில்ல, தச்ச பிள்ளையத்தான் கேக்கிற. கூலியும் அதுக்குத்தான் குறையும்.”

முன்னறையில் ஜூக்கி ஓடிக்கொண்டிருந்தது. பொய்யான படத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற இந்தக் கணக்கு எந்த மென்பொருள் வகுப்பிலும் சொல்லித் தரப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. ரெண்டரை விளம்பரத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கிறார்கள். தைக்கும் அறைக்கு அந்தப் படம் ஒரு கட்டளை. மடிப்பு இப்படி விழவேண்டும், கை இவ்வளவு இழுபடலாம், மினுக்கம் இவ்வளவுதான் என்று அது சொல்கிறது. நடக்காத ஒன்றைக் கட்டளையிட்டால் அந்த இடைவெளியைத் தையற்காரியின் சம்பளம்தான் நிரப்பவேண்டியிருக்கிறது. துணியைத் தொட்டு வளர்ந்த ஒருவரிடம் இந்த வேலை இருப்பது பெரும் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். லைனில் இருந்த பெண்களை இந்த நாற்காலிக்குக் கொண்டுவருவதற்குத்தான் பயிற்சிப் பணம் செலவாகவேண்டும். மென்பொருளைச் சில மாதத்தில் பழகலாம். நிடாவையும் கிரேப்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியப் பழக வருடங்கள் வேண்டும்.

சரியாகப் போட்ட படத்துக்கும் எல்லை உண்டு. சில கறுப்புச் சாயம் ரியூப் லைட்டில் கறுப்பாக இருந்து, வெயிலில் இறங்கினால் செம்பட்டையாகவோ பச்சையோடியோ தெரியும். மூன்று எண்களால் எழுதிய நிறத்துக்குள் அது அடங்காது. ஆகவே இப்போதெல்லாம் இவர் ஒரு படத்தோடு விடுவதில்லை. கடை வெளிச்சத்தில் ஒன்று, வெளி வெளிச்சத்தில் ஒன்று என இரண்டு ரெண்டர், அதோடு உள்ளங்கை அளவு துணித்துண்டு பஸ்ஸில். படத்தின் மூலையில் துணியின் பெயரும் கிராம் நிறையும் எழுதுகிறார். பிணக்குப் பிடித்த கடைக்காரருக்கும் அப்படித்தான் அனுப்பினார்; துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கிரேப்பையே எடுத்துக்கொண்டார், எண்ணிக்கையை மட்டும் குறைத்து.

அடுத்து நின்ற வேலை ஒரு கலியாண அபாயா, கை முழுக்க லேஸ். லேஸில் எது நூல், எது ஓட்டை என்பதற்குத் தனியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொடுக்கவேண்டும். வெளிச்சம் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் புகுந்து போகிறபடியால் ரெண்டர் பல மணித்தியாலம் இழுக்கும். ஸ்கேன் செய்த லேஸில் இரண்டு ஓட்டைகள் நூலால் அடைபட்டுத் தெரிந்தன. அது ஸ்கேனின் பிழையா, துணியின் பிழையா என்று பார்க்க முன்னறையிலிருந்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை லேஸை ஜன்னலோடு பிடித்துப் பார்த்துவிட்டு, “துணியிலதான் ராத்தா” என்றது.