செங்கம் சாலையில், பௌர்ணமிக்கு மறுநாள்

திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் கலைந்துவிட்டது. அக்னி லிங்கத்திலிருந்து ரமணாசிரமம் வரை நடைபாதை நெடுகப் பாக்குமட்டைத் தட்டுகள், பேப்பர் கப்புகள், அன்னதானத்தில் மிஞ்சிய புளிசாதம். துப்புரவுப் பணியாளர்கள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு முன்பே நாய்கள் வந்துவிட்டன. ராத்திரி முழுக்க லட்சம் கால்களுக்கு நடுவே எங்கெங்கோ ஒடுங்கிக் கிடந்தவை, இப்போது ஒவ்வொன்றாகத் தட்டுகளை முகர்ந்துகொண்டு போகின்றன.

மதிலோரம் ஒரு சாது படுத்திருக்கிறார். அறுபதைத் தாண்டிய உடம்பு. தலைமாட்டில் அலுமினியத் தூக்கு. போர்வையின் ஒரு பாதி அவர்மேல், மறுபாதி ஒரு செவலை நாய்மேல். எழுந்து உட்கார்ந்ததும் நாயின் காதை மடக்கிப் பார்த்து உண்ணி பொறுக்க ஆரம்பிக்கிறார். பிடுங்கியதையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் போடுகிறார். அது முடிந்த பிறகுதான் வாய் கொப்பளிக்கிறார். நாயின் இடது காது ஓரத்தில் சின்ன முக்கோணமாக ஒரு வெட்டு தெரிகிறது. கருத்தடை முடிந்த நாய்க்கு வைக்கிற அடையாளம் அது. அவர் கொண்டுபோய்ச் செய்தாரா, வேறு யாராவது பிடித்துப் போனார்களா, தெரியவில்லை. டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு பொறையும் வாங்கிவருகிறார். பொறையை டீயில் நனைத்து நாய்க்கு ஊட்டுகிறார். நாயும் அவசரப்படவில்லை.

வெளியூர்க் கார் ஒன்று வந்து நிற்கிறது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை.

"சாமி, இது கடிக்குமா?"

"கடிக்காதும்மா. தூங்கும்போது மட்டும் தொடாத, திடுக்குன்னு ஆயிடும்."

குழந்தை தலையாட்டிவிட்டுத் தள்ளி நின்றே பார்க்கிறாள். அப்பா ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மொத்தத்தையும் சாலையோரமாக வீசுகிறார். எங்கெங்கிருந்தோ நாய்கள் பாய்கின்றன. உறுமல், கடி, ஒரு நாயின் கதறல். பைக்கில் வந்த ஒருவர் தடுமாறிப் பிரேக் போடுகிறார். மடி தொங்க ஒரு தாய் நாய் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு விலகிப் போகிறது. அப்பா கைகளைத் தட்டிக்கொள்கிறார், முகத்தில் நிறைவு. கார் போய்விடுகிறது. சாது கோலை எடுத்துத் தரையில் தட்டிக் கூட்டத்தைக் கலைக்கிறார். தனக்கு வைத்திருந்த இரண்டாவது பொறை அந்தத் தாய் நாய்க்குப் போகிறது.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. இரக்கம் இல்லாதவர் பாக்கெட்டையே பிரித்திருக்க மாட்டார். ஆனால் அவர் போட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊருக்கு வருகிற நம்மில் பலரும் அப்படித்தான்.

சற்றுத் தள்ளி ஒரு பசுவும் கன்றும். பக்கத்தில் அகத்திக்கீரைக் கட்டுகளோடு ஒரு பெண். பௌர்ணமி இரவு முழுக்க அந்தப் பசுவுக்கு விருந்து. வாங்கியவர்கள் எல்லாரும் அதன் வாயில்தான் திணித்திருக்கிறார்கள். இப்போது நீட்டிய கட்டுக்கு அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கீரைக்கட்டைவிடக் கேடு, புண்ணியமென்று அதற்கு வைக்கிற பொங்கலும் சாதமும். மாவுச்சத்து மிகுந்தால் மாட்டின் இரைப்பையில் அமிலம் கூடி வயிறு உப்பும். உயிரே போவதும் உண்டு. சாதத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் பையும் சேர்ந்தே உள்ளே போகிறது. அந்தப் பெண்ணுக்கோ இந்தப் பசுதான் வீட்டு அரிசி. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். பசு தலையை நிமிர்த்தாமல் குடிக்கிறது.

தெருநாய்க் கூட்டத்தில் ஒரு லேப்ரடார். கழுத்தில் இன்னும் பட்டை இருக்கிறது. பட்டையடியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. யார் வீட்டிலோ சோபாவில் படுத்து வளர்ந்தது. மற்ற நாய்கள் அதைக் கிட்டே சேர்க்கவில்லை. வண்டிகளுக்கு ஒதுங்கவும் அதற்குத் தெரியவில்லை. நிற்கிற ஒவ்வொரு காரின் கதவருகிலும் போய் வாலாட்டுகிறது. இதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வளர்த்த மிருகத்தைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் பிஸ்கட் விலை.

ரமணாசிரமத்துக்குள் போனால் வடக்குப் பக்கம் சில சமாதிகள். 1926இல் கன்றாக வந்து 1948 ஜூன் 18இல் இறந்த பசு லட்சுமிக்கு ஒன்று. வள்ளி என்ற மானுக்கு, ஜாக்கி என்ற நாய்க்கு, ஒரு காக்கைக்கு. லட்சுமியின் கடைசி நேரத்தில் ரமணர் அதன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அடிபட்டு வந்த வள்ளிக்குக் கட்டுப்போட்டு, உயிர் பிரியும்வரை இரவெல்லாம் கூட இருந்தார் என்று ஆசிரமத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. நாய்களுக்குச் சோறு வைத்த பிறகுதான் பந்தி என்பது அவர் காலத்து வழக்கம். வந்து வணங்குகிறவர்கள் இந்தச் சமாதிகளையும் சுற்றுகிறார்கள். அவரிடமிருந்து சோறு போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டோம். காயத்தைக் கழுவியதையும், கண் விழித்ததையும், புதைத்ததையும் விட்டுவிட்டோம்.

மலையின் மறுபக்கம் இன்னொரு சிக்கல். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒரு பெரும்பகுதி காட்டையொட்டிப் போகிறது. கோடையில் புள்ளிமான்கள் தண்ணீர் தேடிக் கீழே இறங்கும். அன்னதான எச்சிலில் பெருகிய நாய்க்கூட்டம் அவற்றைத் துரத்திக் கடிக்கிறது. கடிபட்டு மான் இறந்த செய்தி இந்த ஊருக்குப் புதிதில்லை. நாய்க்கு நாம் போட்ட சோறு மானின் கழுத்தில் வந்து முடிகிறது. அதற்காக நாயைக் கொல்லச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிடித்து அப்புறப்படுத்திய இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும். பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கிறது 2023இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றை அப்படியே விடச் சொன்னது. சோறு போடவும் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. பத்து நாயில் ஏழுக்காவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

செங்கம் சாலையில் பொழுது ஏறிவிட்டது. கடந்து போகிற நாய்களின் காதுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டு உள்ள காதுகளைவிட முழுக்காதுகளே அதிகம்.

அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிஸ்கட்டைச் சாலையில் வீசாதீர்கள். ஒதுக்கமாக ஓரிடத்தில் வைத்து, எல்லாமும் தின்னும்வரை நில்லுங்கள். மாட்டுக்குச் சாதம் வேண்டாம், தண்ணீர் வையுங்கள். புண்ணியத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கை, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் காப்பகத்துக்குக் கொடுங்கள். வீட்டில் வளர்க்க முடியாமல் போன நாயைக் கோயில் ஊரில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். வழியில் அடிபட்ட ஆடு மாட்டைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகராமல், கால்நடை மருத்துவ ஊர்திக்கு அழையுங்கள். எண் 1962.