கர்ணனுக்கு ஒரு கவசம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மகாபாரதக் கர்ணனுக்குக் கவசம் பிறவியிலேயே வந்தது. நம்ம கல்லூரிக் கர்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேரவை விழா நாடகத்துக்காக அவனுக்கு ஒரு மார்புக் கவசம் செய்து, அதற்குத் தங்க நிறம் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நம்ம பக்கத்துக்குக் கவசம் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புக் கட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்! எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டி மினுக்குவார்கள். எனக்கு மரம் செதுக்கக் கை வராது. ஆனால் நம்ம பக்கம் மரத்தைவிடச் சுலபமாகக் கிடைப்பது ஒன்று உண்டு. ஷூ கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்! ஆம்பூரிலிருந்து ஒரு மூட்டைத் துண்டு வந்து சேர்ந்தது. கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும்.

வெட்டி ஒட்ட இரண்டே நாள். ஒட்டும் சொல்யூஷன் வேலையைத் திண்ணையிலேயே முடித்துவிட்டேன். பெயிண்ட் அடிப்பதில்தான் பிரச்சினை. "ஸ்ப்ரே டின் ரெண்டு வாங்குடா, அரை மணியில தகதகன்னு ஆயிடும்" என்றார்கள் நண்பர்கள். எங்கே வைத்து அடிப்பது? அணைக்கட்டில் எங்கள் வீடு ஓட்டு வீடு. மொட்டை மாடி கிடையாது. வெளியே அடித்தால் தெருப் புழுதி முழுக்க ஈரப் பெயிண்டில் அப்பிக்கொள்ளும். உள்ளே ஒரே ஒரு கூடம். அதன் மூலையில் ஆயா பாய் போட்டுப் படுத்திருப்பார். ஆயாவுக்கு இழுப்பு.

அப்பா ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் ஸ்ப்ரே வேலை பார்ப்பவர். டின் விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க ஸ்ப்ரேக்குன்னு தனியா கூண்டு கட்டி வச்சிருக்காங்க. பின்னாடி இழுக்குற ஃபேன் ஓடுது. அப்படி இருந்தும் சாயங்காலம் மூக்கைச் சிந்துனா கலர் கலரா வருது. இங்க எந்த ஃபேன்டா இழுக்கப் போவுது? உங்க ஆயாவோட நெஞ்சுதான் இழுக்கும்."

யோசித்துப் பார்த்தேன். டின்னிலிருந்து வரும் பெயிண்ட் துளிகள் எங்காவது படிந்துவிடும். டொலுவீன், சைலீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் ஆவி படியாது. மூக்கில் கட்டும் கைக்குட்டை துளியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும். தரையில் படுத்திருப்பவரைத் தொடும். அடுப்படிக்குப் போனால் தீயையும் தொடும். டின்னிலிருந்து பெயிண்டைத் தள்ளும் வாயுவும் பெரும்பாலும் நம்ம சமையல் காஸ் இனம்தான்!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் காற்றோட்டமில்லாத சின்ன அறைகளில், பென்சீன் கலந்த பசையை வைத்து ஷூ ஒட்டியவர்களை மருத்துவர் முசாஃபர் அக்சோய் ஆராய்ந்தார். அவர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்ததை 1974-ல் வெளியிட்டார். பசை ஒரு பங்கு காரணம் என்றால், அடைத்த அறை இன்னொரு பங்கு.

ஆகவே டின் வேண்டாம், பிரஷ்தான் என்று முடிவு செய்தேன். ஃபோம் ஸ்பாஞ்சு மாதிரி பெயிண்டைக் குடிக்கும். முதலில் அதன் வாயை அடைக்க வேண்டும். திண்ணையில் வைத்து ஹாட் ஏர் கன்னால் மேலோட்டமாகச் சூடு காட்டினேன், மேல்தோல் இறுகியது. பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து நாலு கோட்டிங். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆன பிறகே அடுத்தது. அதன்மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கறுப்பு. கடைசியில் தங்க நிற அக்ரிலிக். பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் தொட்டும் தொடாமலும். பள்ளத்தில் கறுப்பு நின்றதால், தட்டிச் செய்த உலோகம் போலவே தெரிந்தது.

எனாமல் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திரன் கேட்டதும் கர்ணன் கவசத்தை உரித்துத் தர வேண்டுமே! எனாமல் காய்ந்து விறைக்கும், வளைத்தால் வெடிக்கும். அக்ரிலிக் ஃபோமோடு சேர்ந்து வளையும்.

அரை மணி வேலை ஐந்து ராத்திரி ஆனது. ஆனால் ஐந்து ராத்திரியும் ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்தார். "கவசம் சரிடா, குண்டலம் எங்க?" என்று கேட்டு, அதற்கும் இரண்டு துண்டு வெட்ட வைத்தார்.

நண்பர்களே! நம்மில் பலர் டிப்ளமோ முடித்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை கம்பெனிகளுக்குத்தான் போகப் போகிறோம். சிலர் சூப்பர்வைசராகவும் ஆவோம். உள்ளே நுழைந்ததும் இன்றைக்கு எத்தனை ஜோடி என்று கேட்பதற்கு முன்னால், காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். அங்கே ஸ்ப்ரே கன்னைப் பிடித்து நிற்பவர் யாரோ ஒருவருடைய அப்பா.