கையொப்பம் வைப்பதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் கார்மென்ட்ஸுக்குப் போகிற யாராவது இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. பிறகு பேச்சுவார்த்தைகள் நடந்து ஓகஸ்டில் அது 20 ஆனது. நமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் போகிறது. எங்கோ ஒருவர் போடும் கையெழுத்து, விடியற்காலையில் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் நம் பெண்பிள்ளைகளின் வயிற்றில் வந்து விழுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. மருதமுனையில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தறிச் சத்தத்தோடுதான் பொழுது விடிந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மலிவான துணி எல்லோருக்கும் கிடைத்தது. அதற்கான விலையை நெசவாளர் குடும்பங்கள் மட்டும் கொடுத்தன.

இந்த அநியாயத்தை அமெரிக்கா 1962இலேயே சட்டத்தில் ஒப்புக்கொண்டது. வர்த்தகத்தால் நாடு இலாபம் பெறுகிறது என்றால், அதனால் வேலை இழப்பவரை நாடுதான் தாங்க வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடி காலத்தில் ஒரு திட்டம் வந்தது. நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட அதில் உதவி கிடைக்கவில்லை. 1974இல் சட்டத்தை இலகுவாக்கினார்கள். மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து விண்ணப்பித்தாலே போதும் என்றானது. புதிய தொழில் பழகச் செலவு, பழகும் காலத்தில் வாராந்தக் கொடுப்பனவு, வேறு ஊருக்குக் குடிபோக உதவி என்று கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அந்தத் திட்டத்துக்கும் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது. குறைகள் இருந்தாலும், வேலை இழந்தவரை அரசாங்கம் தன் பொறுப்பாக ஏற்றது.

நம் நாட்டில் அப்படியொரு திட்டம் இல்லை. வேலையில்லாதோர் காப்புறுதியும் இல்லை. அஸ்வெசும குடும்பத்தின் வறுமையை அளந்து கொடுப்பது. வேலை போன மறுநாள் கைகொடுப்பதற்காக அமைந்ததல்ல. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

சென்ற தவணை என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். சிங்களத்தில் இருந்தது. “இதுல சைன் வெச்சா ஒரு மாசச் சம்பளம் கூடத் தருவாங்களாம் டீச்சர்” என்றார். வாசித்துப் பார்த்தால், ‘என் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று எழுதியிருந்தது.

இதனால்தான் இந்தப் பதிவு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும்: அவருடைய எழுத்து மூலமான சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. அனுமதிக்குப் போனால் நட்டஈடு கணக்கிடப்படும். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 30,000 ரூபா சம்பளத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு அது 375,000 ரூபா. சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைத்துவிட்டால் இந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ஒரு மாதச் சம்பளத்தைக் காட்டி எதை வாங்குகிறார்கள் என்று இப்போது விளங்கும்.

இது தவிர, ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். விலகினாலும் நிறுத்தினாலும் அது சேர வேண்டியது. ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் பணமும் உங்களுடையது. அதை யாரும் சலுகையாகத் தரவில்லை.

அந்த உம்மா கையொப்பம் வைக்கவில்லை. தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

பள்ளிவாயல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வேலை போன குடும்பத்துக்கு ஸகாத் நிதியிலிருந்து உதவுவது நல்ல காரியம். ஆனால் உரிமையாக வர வேண்டிய பணத்தை இழந்த பிறகு நம்மிடம் கையேந்த வைப்பது நல்லதல்ல. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்கி, தொழில் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதை விளக்குங்கள். வேலைக்குப் போவது பெண்கள் என்பதால் அவர்களும் வந்து கேட்க இடம் செய்து கொடுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் விடக்கூடாது. கம்பனியே கைவிரித்துப் போனால் நட்டஈட்டை யார் தருவது? டொலர் கொண்டுவந்த கைகளுக்கு ஒரு நிதி வேண்டும். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரை, விளங்காத மொழியில் யாராவது கடிதம் நீட்டினால் அதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பாடசாலை விட்ட பிறகு நான் இருப்பேன். வாசித்துச் சொல்கிறேன்.