வில் வண்டியும் என் பழைய ஜீப்பும்

எங்கள் சிறுவயதில் ஊருக்குள் ஜீப் வந்தால் அரசாங்கமே வந்துவிட்டது என்று பொருள். தாசில்தார் ஜீப், பி.டி.ஓ. ஜீப், அம்மை குத்த வருகிறவர்களின் ஜீப், தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் அதன் பின்னால் ஓடாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோதும், புதிதாக வந்த அலுவலகங்களின் வாசலில் எல்லாம் முதலில் நின்றவை இந்த மகிந்திரா ஜீப்புகள்தான்.

அந்த ஆசையில்தான், பணியில் இருக்கும்போதே ஒரு பழைய எம்.எம். 540 ஜீப்பை வாங்கினேன். 1992-ம் வருடத்து வண்டி. பெஜோ டீசல் எஞ்சின். சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், ஆனால் படுக்காது. ஓய்வு பெற்ற பிறகு விருதுநகரில் இருந்து வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சின்னத் தோப்புக்குப் போய்வர அதுதான் துணை. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் ஒரு வண்டிப்பாதை, அதன் குறுக்கே ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே மலையில் மழை பெய்தால் ஓடை புதிதாகக் கல்லை உருட்டிக் கொண்டுவந்து போடும். கார் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

போன வருடம் மழைக்குப் பிறகு வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ‘டங்’ என்ற சத்தம் என் பல்லில் வந்து முடியும். விடுமுறைக்கு வந்திருந்த மகன் இதைக் கேட்டுவிட்டு, செல்போனில் படம் படமாகக் காட்டினான். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்துகிற கிட், பெரிய டயர், கனமான ஷாக் அப்சார்பர். “அப்பா, இதைப் போட்டுட்டா மலையே ஏறலாம்” என்றான். விலையைக் கூட்டிப் பார்த்தேன். டயரோடு சேர்த்து என் ஐந்து மாதப் பென்ஷன். வண்டியை இப்போது விற்றால்கூட அவ்வளவு வராது.

பணத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வண்டியில் போகிறவன் நான் மட்டும் அல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம், தோப்பைத் தாண்டி எங்கள் சாஸ்தா கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பமே அங்கே கூடும். என் அக்காவுக்கு எழுபத்தி நான்கு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க இந்த ஜீப்பைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே வண்டி ஓடையைத் தாண்டவும் வேண்டும், அக்கா அதில் ஏறவும் வேண்டும்.

முதலில் வண்டியின் அடியில் பாய் விரித்துப் படுத்தேன். எங்கே தட்டுகிறது என்று தெரியாமல் எதற்குச் செலவு செய்வது? கீறல்கள் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று, பின்பக்க ஹவுசிங்கின் அடி. அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி உருண்டு தொங்குமே, கிரவுன் பல்சக்கரம் இருக்கும் இடம். இன்னொன்று, நடுவில் கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்.

இந்த இரண்டும் வேறு வேறு நோய். இதைப் புரிந்துகொள்ள நம் பழைய வண்டிகளை நினைத்துப் பார்த்தால் போதும். கட்டை வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. ஆனாலும் எந்த ஓடையையும் தாண்டிவிடும். காரணம் அதன் சக்கரம் ஆள் மார்பளவு உயரம். அச்சு அந்தச் சக்கரத்தின் நடுவில் இருப்பதால், கல் எல்லாம் அச்சுக்குக் கீழேயே போய்விடும். வசதியான வீட்டுப் பெண்கள் போக வில் வண்டி இருந்தது. இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து அடுக்கி, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டியிருப்பார்கள். அந்த வில் கூண்டைத் தூக்கித் தாங்கும், குலுக்கலைக் குடிக்கும். அச்சு என்னவோ அதே உயரத்தில்தான் இருக்கும்.

என் ஜீப்பும் அதே வில் வண்டிதான். முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் பட்டை செட். வில்லை எவ்வளவு வளைத்து வண்டியை உயர்த்தினாலும் பாடியும் சட்டமும்தான் மேலே போகும். ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹவுசிங் உயர வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். அதிலும் டயரின் மொத்த உயரம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலம்தான் உயரும். படத்தில் மகன் காட்டிய நான்கு அங்குல கிட், எங்கள் ஓடையில் அதிகம் அடிவாங்கும் ஹவுசிங்கைக் காப்பாற்றப் போவதில்லை. இதைச் சொன்னதும் அவனும் குனிந்து பார்த்துவிட்டு, “சரிதான்ப்பா” என்றான்.

அடுத்து டேப் எடுத்து அளந்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து ஒரு தாளில் குறித்தேன். பின்பக்கம் வலது மூலை, இடதைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம், முப்பது வருடச் சுமை. வளைந்திருக்க வேண்டிய பட்டைகள் அநேகமாக நேராகப் படுத்துவிட்டன. வண்டி உயரம் குறைவானது அல்ல, உயரத்தை இழந்து நிற்கிறது என்று அப்போதுதான் உறுதியானது.

அந்தத் தாளோடு சிவகாசியில் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அங்கே நம் வண்டியைச் சீந்த மாட்டார்கள். பட்டாசும் காலண்டரும் ஏற்றிப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும். நான் போனது மார்கழியில். பட்டறைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணாச்சி, அளந்துட்டு வந்த மொத ஆளு நீங்கதான். எல்லாரும் ‘ஒசத்திப் போடு’ன்னுதான் வருவாக.”

குறைந்த செலவில் உயர்த்த என்னென்ன வழி என்று கேட்டேன். அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். பழைய ஜீப் வைத்திருக்கும் அன்பர்களுக்கு உதவும்.

மலிவான வழி நீள ஷேக்கிள். பட்டையின் ஒரு நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கட்டான் அது. அதை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம் உயரும். ஆனால் முன்பக்கம் இதைச் செய்தால் அச்சின் சாய்மானம் மாறிவிடும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலையலாம்.

இரண்டாவது, கூடுதலாக ஒரு பட்டை செருகுவது. செலவு குறைவு, சுமையும் தாங்கும். ஆனால் வெறும் வண்டியில் போகும்போது முதுகெலும்பை எண்ணிவிடலாம்.

மூன்றாவது, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டை செட்டை அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டுவது. ஒரேயடியாக நான்கைந்து அங்குலம் உயரும். பழைய பட்டையே போதும் என்பதால் மலிவு மாதிரித் தெரியும். ஆனால் அச்சில் புதிதாக வெல்டிங், பிரேக் ஹோஸ் நீளம், ஷாக் அப்சார்பர் நீளம், பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டீயரிங் கம்பியின் கோணம் என்று ஒவ்வொன்றாக இழுத்துவிடும். அத்தனையும் சரி செய்யாமல் ஓட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

நான்காவது, இருக்கிற பட்டைகளைக் கழற்றி, உடைந்ததை மாற்றி, மறுபடி வளைத்துப் போடுவது. வண்டி கம்பெனியில் இருந்து வந்த உயரத்துக்குத் திரும்பும். “வளைக்கிறதுல ரெண்டு விதம் இருக்கு அண்ணாச்சி. சும்மா சுத்தியல்ல தட்டி வளைச்சா ரெண்டு மழைக்குள்ள பழையபடி படுத்துரும். சூடு காட்டி வளைச்சு, தோய்ச்சல் போட்டு, திருப்பி இளஞ்சூட்டுல பதம் பாத்து எடுக்கணும். பதம் தப்புனா ஒண்ணு வளையும், இல்லாட்டி முறியும்” என்றார்.

பட்டை இரும்பின் குணம் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. அரிவாள் அடிப்பதும் இந்த லாரிப் பட்டையில்தானே! சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த அந்த எஃகு, பதம் சரியாக இருந்தால் வளைந்து மீளும், கூராகவும் நிற்கும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மகன் சொன்ன நான்கு அங்குலத்தையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, வண்டி ஒசந்துட்டா நான் எப்படிடா ஏறுவேன்?” மறுநாள் அவளை ஜீப்பின் பக்கத்தில் நிற்க வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு உயரம் காலைத் தூக்க முடிகிறது என்று அதே டேப்பால் அளந்தேன். ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. இப்போதே முக்காலி போட்டுத்தான் ஏறுகிறாள். இன்னும் நான்கு அங்குலம் என்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அதை அவள் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டாள். “காலு வரலேன்னா நான் வீட்டுலருந்தே சாமி கும்பிட்டுக்கிடுதேன்” என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் யோசித்தேன். ஜீப் குட்டையான, ஒடுங்கலான வண்டி. உயர உயர அதன் கனமும் மேலே போகும். ஓடைக் கரையில் ஒருபக்கம் சரிந்து இறங்கும்போது கவிழ்கிற வாய்ப்பு கூடும். அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 15 வருடம் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது நமக்கு வாய் உலரக் கூடாது. படுத்துவிட்ட பட்டையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுது பார்ப்பது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

கொழுக்குமலைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நம் தேனி மாவட்டத்து மலை, ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். 7000 அடிக்கும் மேலே, பாறைமேல் பாறையாக ஒரு பாதை. நான் பார்த்தவரை அங்கே ஏறிய பழைய மகிந்திரா ஜீப்புகள் பெரிதாக உயர்த்தப்பட்டவை அல்ல. ஓட்டுகிற பையன்கள் முதல் கியரில், நான்கு சக்கர இழுவையில், எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். கல்லை நடுவில் விட்டு ஓட்டினால் ஹவுசிங் தட்டும். சக்கரத்தை அந்தக் கல்லின் மேலேயே ஏற்றினால் அச்சும் கூடவே உயர்ந்துவிடும். காசு செலவில்லாத உயர்த்தல் அது.

கடைசியில் செய்தது இவ்வளவுதான். நான்கு செட்டையும் கழற்றி, பதம் பார்த்து மறுபடி வளைத்தார்கள். பின்பக்கம் வலதில் ஒரு பட்டை விரிசல் விட்டிருந்தது, அதை மாற்றினார்கள். சென்டர் போல்ட், யு கிளாம்ப், ஷேக்கிள் புஷ் எல்லாம் புதிது. டயர் வழவழவென்று தேய்ந்திருந்ததால், அதே 6.00-16 அளவில் நல்ல பட்டன் உள்ள டயர் நான்கு. தேய்ந்த டயர் போய்ப் புது டயர் வந்ததிலேயே அச்சு கொஞ்சம் உயர்ந்தது. நடுச் சட்டத்துக்கு அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்று. எல்லாம் சேர்த்து இரண்டு மாதப் பென்ஷனுக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் டயருக்குத்தான்.

திரும்ப அளந்தபோது பின்பக்கம் வலது மூலை இரண்டு அங்குலமும், மற்ற மூலைகள் முக்கால் அங்குலத்துக்குக் கூடவும் குறையவுமாக ஏறியிருந்தன. இருநூறு கிலோமீட்டர் ஓட்டியபின் யு கிளாம்ப் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார் பட்டறைக்காரர். புதுப்பட்டை அமுங்கி உட்காரும்போது அவை தளரும். இதை மறந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சே நகர்ந்துவிடுமாம். சரியாக இருநூறாவது கிலோமீட்டரில் போய் நின்றேன். கால் சுற்று முறுக்கினார், காசு வாங்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று ஓடையில் நடுச்சட்டம் தட்டவில்லை. ஹவுசிங் ஒரு கல்லில் லேசாக உரசியது. போகும் வழியில் இறங்கி, கடப்பாரையால் அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டோம் நானும் மகனும். அக்காவுக்காகத் தச்சரிடம் சொல்லி ஏழு அங்குல உயரத்தில் அகலமான மணைப்பலகை ஒன்று செய்து வைத்திருந்தேன். முக்காலி மாதிரி ஆடாது. கைப்பிடியைப் பிடித்து அவளாகவே ஏறினாள், அவளாகவே இறங்கினாள்.

விரிசல் விட்ட பழைய பட்டையைப் பட்டறையில் விட்டுவர மனமில்லை. வத்திராயிருப்பில் ஆசாரியிடம் கொடுத்தேன். தோப்பில் இளநீர் சீவ இரண்டு அரிவாள் அடித்துக் கொடுத்திருக்கிறார்.