மெட்ராஸ்ல வீடு வாங்கப் போறியாமே!

அன்புள்ள கொடுக்காப்புளிக்கு,

எலந்தவடை எழுதுதேன். பள்ளிக்கூட வாசல்ல வாங்கித் தின்ன தின்பண்டம் அறுபது வயசுலயும் நம்ம பேரா ஒட்டிக்கிட்டு நிக்கி பாத்தியா?

நீ பாளையங்கோட்டை வீட்டை வித்துட்டு இங்க எங்க பக்கத்துலயே ஒரு ஃபிளாட் வாங்கப் போறியாமே! உன் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. அந்தச் சண்டையைத் தனியா வச்சுக்கிடுவோம். போன்ல பேசினா உன் வீட்டுக்காரவிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்காவ, அதான் கடிதம். இங்கத்த செலவை ஒளிக்காம எழுதுதேன். படிச்சு முடிச்சிட்டு அப்புறமா யாருக்கும் அட்வான்ஸ் குடு.

நாங்க வந்தப்ப வேளச்சேரிக்குத் தெக்க இதெல்லாம் பஞ்சாயத்து. 2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேருந்து 426-ஆ பெருத்துச்சுல்லா, அப்ப சேத்துக்கிட்ட 42 உள்ளாட்சியில நாங்களும் ஒண்ணு. "இனிமே நானும் அசல் மெட்ராஸ்காரிதான்"னு உனக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டேன், ஞாபகம் இருக்கா? அந்த வாயை இப்ப எந்தத் தண்ணியில கழுவ?

முதல்ல வரி. இங்க எல்லாரும் அதைத்தான் திட்டுதாவ, நான் திட்டல. பழைய சென்னையில 1998-க்குப் பொறவு 24 வருஷம் சொத்து வரியைப் பொதுவா ஏத்தவே இல்ல. 2022-ல மொத்தமா வச்சாவ ஒரு ஏத்து. பழைய நகரத்துல 1,800 சதுர அடிக்கு மேல இருந்த வீட்டுக்கு 150 சதவீதம். எங்கள மாதிரி பின்னால வந்து ஒட்டிக்கிட்டவங்களுக்கு, 600-க்கு மேல 1,200 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம். எங்க வீடு 950. 2024-ல அது மேல இன்னொரு 6 சதவீதம். அரையாண்டு பொறந்து முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதுக்காக எங்க வீட்டுல அவிய ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலையிலயே செல்போனும் கையுமா உக்காந்திடுவாவ. எனக்குச் சேலை எடுக்க ஒரு நாளும் இந்த அவசரம் வந்ததில்ல.

ஆனா இந்தக் கணக்கைக் கேளு. எங்களுக்கு அரையாண்டு வரி 1,800 ரூவா சொச்சம். போன மே மாசம் தண்ணி லாரிக்கு மட்டும் எங்க வீட்டுப் பங்கு 1,778. ஆறு மாச வரியும் ஒரு மாசத் தண்ணியும் சரிக்குச் சரி! வாரத்துக்கு ரெண்டு லாரி, 12,000 லிட்டர் லாரி ஒண்ணு 2,000 ரூவா, கட்டடத்துல ஒன்பது வீடு. நீயே வகுத்துப் பாரு, நீதானே கணக்குல நூத்துக்கு நூறு. இதுல குடிநீர் வரி வேற தனியாக் கட்டுதோம். குழாய் இருக்கத்தான் செய்யுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வாரபோதும் சம்புக்கு அடிப்பாகம் நனைஞ்சா அன்னைக்கு எங்களுக்குத் திருவிழா. போர் தண்ணியோ மஞ்சள். குக்கர் ஏழு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழிச்சு முழிச்சுப் பாக்கும்.

லாரி வாரது விடிய நாலரைக்கு. அந்த ஹாரன் சத்தத்துல தெரு நாயெல்லாம் எந்திரிச்சிரும், வாட்ச்மேன் எந்திரிக்க மாட்டான். அதனால நான்தான் கம்பை எடுத்துக்கிட்டு எறங்குவேன். சம்புக்குள்ள விட்டு அளக்கதுக்கு ஒரு கம்பு வச்சிருக்கோம். அதுல கோடெல்லாம் என் மருமக நெயில் பாலிஷ்ல போட்டுக் குடுத்தது. லாரிக்காரன் 12,000-ங்கான், செவப்புக் கோடு 10,500-ங்குது. "ஓஸ்ல கொஞ்சம் போகும்மா"ங்கான். ஆயிரத்தஞ்சூறு லிட்டரா ஏட்டி ஓஸ்ல போகும்? கேட்டா அடுத்த தரம் வரமாட்டான். கேக்காம விட்டா எனக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்காது.

2019 உனக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வத்தி, ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர்னு டிவியில காமிச்சாவ. நீ அன்னைக்குத் தாமிரபரணியில முங்கிட்டு, ஈரத் தலையோட எனக்குப் போன் போட்டுச் சிரிச்சே. நான் இன்னும் மறக்கல.

வார தண்ணிக்கு ஒரு லாரின்னா போற தண்ணிக்கு இன்னொரு லாரி. பாதாளச் சாக்கடைக்குத் தெருவை வெட்டிக் குழாய் போட்டாச்சு, வீட்டுக்கு இணைப்புதான் வரல. அதுவரைக்கும் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான். எனக்கு ஆத்தாமை என்னன்னா, வரி கட்டுதோம், அந்த வரி செய்ய வேண்டிய சோலிக்கு மறுபடியும் எங்க கையிலேருந்து துட்டு போகுது. கல்யாண வீட்டுல மொய்யும் எழுதிட்டு, பந்தியில இலைக்கும் காசு வச்ச மாதிரி.

வெட்டின குழியைப் பத்திப் புகார் குடுத்தேன். மூணாம் நாள், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு செல்போனுக்குச் செய்தி வந்துச்சு. சன்னலைத் தொறந்து பாத்தேன். குழி அங்கனதான் கெடக்கு, அதுக்குள்ள யாரோ ஒரு முருங்கைக் கொம்பை நட்டு, செவப்புத் துணி கட்டியிருக்காவ. எந்த ஆபீஸ்னு இதுல எழுத மாட்டேன். பேரன் சர்டிபிகேட்டு ஒண்ணு அங்கதான் வாங்கணும்.

அப்புறமா ரோடு போடுவாவ, பழசு மேலயே புதுசு. பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாவ. அதுக்குள்ள எங்க எதுத்த வீடு முங்கிப் போச்சு. அந்த அக்கா வீட்டுக்கு முன்னெல்லாம் மூணு படி ஏறிப் போவோம், இப்ப ரெண்டு படி எறங்கிப் போறோம். ஐப்பசி பொறந்தா அவ மாவு மில்லுக்குப் போறாளோ இல்லையோ, மணல் மூட்டைக்குச் சொல்லி வச்சிருவா.

இப்ப மெயின் கதைக்கு வாரேன். கரண்டு. இங்கயும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம்தான் ரீடிங். மாசாமாசம் எடுப்போம்னு 2021 தேர்தல்ல வாக்குறுதி குடுத்தாவ, எங்க மீட்டருக்கு அந்தச் சேதி இன்னும் வரல. 500 யூனிட்டைத் தாண்டிட்டா, தாண்டினதுக்கு மட்டுமில்ல, அடியில கெடக்க ரெண்டாவது நூறு யூனிட்டுக்கும் விலை கூடிடும். 480 வந்தாலே எங்க வீட்டுல அவிய ஏசி ரிமோட்டைப் பூஜை அறையில ஒளிச்சு வச்சிருவாவ.

அது வீட்டுக்குள்ள நடக்கதுதான். சண்டை வந்தது பொது மீட்டருக்கு. மாடிப்படி லைட், மோட்டார், லிஃப்ட் எல்லாத்துக்கும் யூனிட் 8 ரூவாயைத் தாண்டிப் போச்சு. 2023 அக்டோபர்ல முதலமைச்சர் அதை 5.50-ஆக் குறைச்சாவ. யாருக்கு? பத்து வீட்டுக்கு மிஞ்சாம, மூணு மாடிக்கு மிஞ்சாம, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு. எங்களுக்கு வீடு ஒன்பது, மாடி மூணு. எல்லாம் பொருத்தம், லிஃப்ட் ஒண்ணுதான் தோஷம்!

முதல் மாடி வாத்தியார் இருக்காவல்லா, ரிட்டையர்டு, வெத்தலைப்பெட்டியும் கையுமா இருப்பாவளே, அவிய அதைப் புடிச்சுக்கிட்டாவ. எல்லா மீட்டிங்லயும் இதே பேச்சு. போன ஞாயித்துக்கிழமை கணக்கு நோட்டைக் கொண்டாந்து, "லிஃப்டை எடுத்துட்டா வருஷத்துக்கு இவ்வளவு மிச்சம்"னு வாசிச்சாவ. மூணாம் மாடி மாமி ஒரு வார்த்தை பேசல. பைய எந்திரிச்சு, மடியில இருந்த கவரைப் பிரிச்சு, முட்டி எக்ஸ்ரேயை எடுத்து டியூப்லைட் முன்னால தூக்கிப் பிடிச்சா. ரெண்டு முட்டியிலயும் ஸ்டீல், பளிச்சுனு தெரியுது. "இதுக்கு யூனிட் எவ்வளவு சார்?"ன்னா பாரு! எனக்குக் கை தட்டணும்போல இருந்துச்சு. எங்க வீட்டுல அவிய முறைச்சாவ, முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

பால் விலையெல்லாம் உனக்கும் தெரிஞ்சதுதான். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டு 2022 நவம்பர்ல லிட்டர் 48-லேருந்து 60-க்குத் தாவினதுலேருந்து எங்க வீட்டு ஃபில்டர் காபி டீக்கடைக் காபி நெறத்துக்கு வந்தாச்சு. நல்லதையும் சொல்லணும். 2021 மே மாசத்துலேருந்து சாதாரண பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் கெடையாது. பைசா செலவில்லாம மயிலாப்பூர் வரைக்கும் போயிட்டு வாரேன். இல்லேன்னா முருங்கைக்காய் வாங்க அவ்வளவு தூரம் எவ போவா?

குப்பை எடுக்க வார பொண்ணு நேரத்துக்கு வாரா, அவளை ஒரு குறை சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட்ல ரெண்டு மண்டலத்தைத் தனியாருக்கு விட்டதுக்குத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்திருந்து, ராத்திரியில போலீஸ் தூக்கிட்டுப் போச்சுல்லா. அன்னைக்கு இவ கிட்டப் பேச்சுக் குடுத்தேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டு, தன் சம்பளத்தை விரல் விட்டுக் காமிச்சா, வாயால சொல்லல. நம்ம கட்டுத வரி அந்த விரல் வரைக்கும் வந்து சேரல ஏட்டி.

இவ்வளவும் படிச்சிட்டு நீ வரமாட்டேன்னு எழுதிடாதே. ஏன்னா ரகசியம் இனிமேதான் இருக்கு. வாத்தியார் வீட்டை விக்கப் போறாவ! மக கூட கோயமுத்தூருக்குப் போறாவளாம். மெயின்டனன்ஸ் குறைச்சல்னு காமிச்சா நல்ல விலை வரும்லா, அதுக்குத்தான் லிஃப்ட் மேல அந்தக் கண்ணு! மாமிக்கு இன்னும் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. கெழக்குப் பாத்த வாசல், ரெண்டு பெட்ரூம். மோட்டார் சத்தம் மட்டும் ராத்திரி கேக்கும், பழகிடும். தை பொறக்க முன்ன ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. அல்வா வேண்டாம், எனக்கு இங்க சுகர் ஏறிக் கெடக்கு. குறுக்குத்துறைப் படித்துறையில ஒரு கேன் ஆத்துத் தண்ணி மொண்டுட்டு வா. நம்மூர்த் தண்ணியில இந்தப் பருப்பு வேகுதான்னு பாக்கணும்.

உன்
எலந்தவடை