அடி கறுத்த தக்காளி

மாசி மாதத்துக் காலையில் மாடிக்குப் போனால், முதல் கொத்துத் தக்காளியில் மூன்று காய் அடி கறுத்துத் தொங்கின. காம்புப் பக்கம் பார்த்தால் குறையே இல்லை. திருப்பினால் நாலணாக் காசு அகலத்துக்குத் தோலாகக் காய்ந்த கறுப்பு. பூச்சி ஓட்டை இல்லை, நாற்றம் இல்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அப்பாயி குரல் கேட்டது. "என்னைக்குடா தண்ணி காட்ட மறந்தே?"

மறந்ததுதான். கல்யாணத்துக்கு மன்னார்குடி போய் மூன்று நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து, துவண்டு கிடந்த செடிகளைப் பார்த்துப் பதறிப்போய் ஒவ்வொன்றுக்கும் அரை வாளி ஊற்றினேன். பட்டினி கிடந்தவனுக்குப் பந்தி விருந்து.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில். முன்னால் தெரு, பின்னால் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் வயல். வயல் தாத்தாவின் கணக்கு. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா, கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரும், குறுவை உண்டா, ஒரே சம்பாவோடு சரியா என்று திண்ணையில் பேச்சு ஓடும். கொல்லை அப்பாயியுடையது. அங்கே அவரைப் பந்தல், கத்தரி, நாலு மிளகாய், கிணற்றடித் தண்ணீரைக் குடித்துக் கொழுத்த வாழை. தக்காளி கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் அதைச் 'சீமைத் தக்காளி' என்றுதான் சொல்வாள். வெறும் தக்காளி என்றால் அவளுக்கு வேலியோரத்துச் சிறு பழம். தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த காய், இருந்தவளின் பேரையே வாங்கிக்கொண்டுவிட்டது. அக்கிரகாரத்துத் திவசச் சமையலில் இன்றும் அதற்கு இலையில் இடமில்லை. ஆனால் தக்காளி இல்லாமல் ரசம் வை என்றால் ஊரில் பாதிப் பேர் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள்.

தாத்தாவுக்கு, எந்தச் செடி வாடினாலும் தெரிந்த வைத்தியம் ஒன்றே. மடையைத் திற. ஒரு வருஷம் அப்பாயி ஊரில் இல்லாத நேரம் பார்த்து வாய்க்கால் தண்ணீரைக் கொல்லைக்குத் திருப்பிவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க நின்றது. நாலாம் நாள் தக்காளி அத்தனையும் மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது. வந்தவள் சத்தம் போடவில்லை. "அது நெல்லா, கால நனைச்சுக்கிட்டே நிக்கிறதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார் பலகையில் நெல் வேரின் குறுக்குவெட்டை வரைந்து, உள்ளே இருக்கும் காற்றறைகளைக் காட்டினார். இலை வழியாக இழுத்த காற்றை நெல் வேர்வரை இறக்கிக்கொள்ளும், அதனால் சேற்றில் நிற்கிறது. தக்காளிக்கு அந்த ஏற்பாடு இல்லை. மண் இடுக்கில் இருக்கும் காற்றைத்தான் அதன் வேர் நம்பியிருக்கிறது. இடுக்கில் தண்ணீர் நிறைந்தால் மூச்சு முட்டும். அப்பாயி இதைப் படிக்கவில்லை. வேரைக் கையில் பிடித்துப் பார்த்தவள்.

நட்டதும் நெல்லுக்கு எதிராகத்தான். நாற்றங்காலில் கை வைத்தவளுக்கு நெல்லை மேலாக நட வேண்டும் என்பது தெரியும். ஆழமாகப் போனால் தூர் கட்டாது. தக்காளி நாற்றையோ, இருபத்தைந்து நாள் ஆனதும், சாயங்கால வெயில் தணிந்த பிறகு கழுத்துவரை புதைப்பாள். தண்டு புதைந்த இடமெல்லாம் வேர் விடும். போன வருஷம் கத்தரியோ மிளகாயோ நின்ற இடத்தில் நட மாட்டாள். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அடியில் வைக்கோல் பரப்புவாள். இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னாரே, அதுதான். கோழி கிளறாமல் இருக்க மேலே கருவ முள்ளையும் போடுவாள்.

பட்டம் விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மற்றக் காய்க்கு. எங்கள் களிமண்ணில் ஐப்பசி மழை கொட்டும்போது தக்காளி நின்றால் அழுகல்தான் மிச்சம். கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் பாவி, மார்கழியில் நடுவாள். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். குடமுருட்டியில் மணல் தெரிய ஆரம்பிக்கும்போது எங்கள் கொல்லையில் தக்காளி சிவக்கும். காவிரித் தண்ணீருக்கும் தக்காளிக்கும் ஒட்டே கிடையாது. கிணற்றிலிருந்து இறைத்து, செம்பால் மொண்டு, இலை நனையாமல் தூரில் ஊற்றுவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே அளவு.

சித்திரையில் பூத்துப் பூத்துக் கொட்டும். இரவுச் சூடு 24 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாவது குறையும். தஞ்சாவூரில் சித்திரை இரவு அதற்கு மேல்தான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கம் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றபோது, "உங்களுக்கென்ன, மாடியிலே இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கூட்டிப்போய்க் காட்டினேன். இலை இருந்தது, பூ இருந்தது, மருந்துக்கு ஒரு பிஞ்சு இல்லை. ஊரில் கிடைக்காத மாதத்தில் நம் செடியிலும் கிடைக்காது. மாடித்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

மாடியில் நான் செய்த முதல் தப்பு தாத்தா செய்ததேதான். தரையில் கறை படியும் என்று பைகளின் அடி ஓட்டைகளை அடைத்துவிட்டேன். ஊரிலிருந்து ஆசையாக வயல் மண்ணை மூட்டை கட்டி வந்து நிரப்பினேன். நனைந்தால் களி, காய்ந்தால் செங்கல். பன்னிரண்டு செடியும் போயின. இப்போது மண் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. படுகை வண்டல் கிடைத்தால் இன்னும் நன்றாக வரும். ஆற்றில் ஒரு கூடை அள்ளக் கூச்சமாக இருக்கிறது. லாரி லாரியாக அள்ளியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விதை பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்கிற உள்ளூர் ரகத்திலிருந்து உண்டாக்கியது. பழம் தட்டை உருண்டை, காய்ப் பருவத்தில் காம்படியில் பச்சைத் தோள். ஒட்டு ரகம் இல்லை என்பதால் விதை எடுத்து வைக்கலாம். நன்கு பழுத்ததைப் பிழிந்து ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் வழுவழுப்புப் போய்விடும். அப்பாயி அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவாள். நான் கேஸ் அடுப்புக்காரன். சாம்பலுக்கு டீக்கடையில் போய் நிற்கிறேன்.

இலை சுருண்டு முடங்கினால் அவள் யோசிக்கவே மாட்டாள். பிடுங்கி அடுப்பில் போடுவாள். "சொல்லிப் பாத்துட்டு அப்புறமா புடுங்குறதுக்கு அது மருமவளா?" என்பாள். அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருகிறது, வந்த செடிக்கு மருந்தில்லை. வராமல் இருக்க, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுகிறேன். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கிறேன். பிடுங்க மட்டும் இன்னும் கை வரவில்லை. போன வருஷம் ஒன்றைப் பாவம் பார்த்து விட்டேன். பத்து நாளில் ஐந்து.

அடி கறுத்த காயைப் பார்த்துவிட்டு நண்பர் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னார். சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான், சரி. ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருக்கவே செய்யும். காயின் நுனிவரை தூக்கிக்கொண்டு போவது தண்ணீர். வறண்டு, பிறகு ஒரேயடியாகக் கொட்டினால் நுனிக்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு கரைவதற்குள் பங்குனி முடிந்துவிடும்.

மூன்று காயையும் பறித்து, அரிவாள்மனையில் கறுத்த அடியைச் சீவி எறிந்துவிட்டு மீதியைச் சாம்பாருக்குப் போட்டோம். பைகளில் வைக்கோல் பரப்பினேன். தினமும் காலையில் விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாத அன்றுதான் செம்பை எடுக்கிறேன். அடுத்த கொத்தில் ஏழு காய். ஏழையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடி வெளுப்பாக இருக்கிறது.