ஏரிக்கரை உடன்படிக்கை

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி பெரியதன்று. ஏறத்தாழ முப்பது எக்டேர் பரப்பே உடையது. வேடர் தங்கிய இடம் என்பது அவ்வூரின் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். பெயரில் வேடன் இருக்க, ஊர் புகழ்பெற்றதோ வேட்டையைத் தடுத்ததனால். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் திரண்டு சென்று ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். அங்குப் பறவைகளைச் சுடலாகாது என்னும் உரிமை ஆவணம் 1798-இல் ஊராருக்குக் கிடைத்தது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. கடற்பறவைகளைக் காப்பதற்கெனப் பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1869-இல்தான். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ 1972-இல் வந்தது. எழுத்தறிவு பரவாத காலத்தில், ஓர் உழவர் ஊர் தன் பறவைகளுக்காக எழுத்தில் உறுதி கேட்டுப் பெற்றிருக்கிறது.

ஊரார் அதனைக் கேட்டதற்குக் காரணம் பறவைகளின் அழகு மட்டுமன்று. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் அரிவாள்மூக்கனும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் இரவும் பகலும் நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. உரக்கடை என்பதையே அறியாத காலத்தில், உரம் தானே வாய்க்காலில் வந்தது. நெற்பயிரைக் கடிக்கும் நத்தைகளை நத்தைகுத்தி நாரைகள் தின்று தீர்த்தன. ஊர் பறவைக்கு அமைதியைத் தந்தது. பறவை ஊருக்கு விளைச்சலைத் தந்தது. பயன் கருதிய அன்பு தாழ்ந்தது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், இரு தரப்பும் வாழ இடம் தந்த இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. வெறும் பரிவு அத்தனை காலம் நின்றிருக்குமா என்பது ஐயமே.

கொடுக்கல் வாங்கலில் எளிதாகக் கொடுக்கக்கூடியவையும் உண்டு. கொடுக்க மனம் வலிப்பவையும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடியும் கொடுத்தது இரண்டாம் வகை. அங்குள்ள கண்மாய்கள் 1977-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பறவைகள் வந்து கூடமைக்கும் காலமும் தீபாவளி வரும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. வெடிச்சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். அது திரும்புவதற்குள் காகமோ பருந்தோ முட்டையைக் கொண்டுபோய்விடும். மீண்டும் மீண்டும் அஞ்சி எழுந்த கூட்டம் அவ்விடத்தையே கைவிடுவதும் உண்டு. ஆகவே, அவ்வூர்களில் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அந்நாளில் ஊராருக்கு இனிப்பு வழங்கிச் சிறப்பிக்கின்றனர்.

இச்செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. படிப்போர் புன்னகையோடு அடுத்த பக்கத்திற்குச் செல்கின்றனர். ஆனால், அவ்வூரில் பிறந்த எட்டு வயதுக் குழந்தையின் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். சுற்றுவட்டாரமெங்கும் வானம் ஒளிரும். வெடியோசை காற்றில் மிதந்து வரும். அந்தக் குழந்தையின் கையில் மட்டும் ஒன்றும் இராது. முதன்முதலில் வெடியை விலக்க உடன்பட்டவர்கள் அதன் பாட்டனும் பாட்டியுமே அன்றி, அக்குழந்தை அன்று. தான் கொடுக்காத சொல்லைத் தான் காப்பாற்றுவது எளிய செயலன்று. ஒவ்வொரு தலைமுறையிலும், ஒவ்வொரு தீபாவளியிலும் அந்த உடன்படிக்கை புதிதாகக் கையெழுத்தாக வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டு ஒரே ஒரு தெருவில் மீறினாலும் முறிந்துபோகும் தன்மை அதற்கு உண்டு. சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. இதை மீறினால் மரங்கள் வெறுமையாகும், அவ்வளவே.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைக்கும் மனிதருக்கும் இடையே வேலி என்பதே இல்லை. மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நெடியும் குஞ்சுகளின் ஓயாத இரைச்சலும் விருந்தினருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். ஊராரோ பறவைகள் வருவதை நல்ல மழைக்கும் விளைச்சலுக்கும் அறிகுறியாகக் கொள்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி, பறக்கும் வரை வளர்த்து விடும் வழக்கமும் அங்கு உண்டு. அப்பணியில் வாழ்நாளைச் செலவிட்ட பால்பாண்டியைப் 'பறவை மனிதர்' என்றே பலரும் அறிந்திருந்தனர். கூந்தன்குளம் 1994-இல் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலோடு ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அறிவிப்புகள் வருமுன்பே அங்குப் பறவைகள் காக்கப்பட்டிருந்தன. ஆயினும் ஊராரால் இயலாத ஒன்று உண்டு: குளத்தை நிரப்புவது. மணிமுத்தாறு அணையின் நீர் வந்து சேராத ஆண்டுகளில் எத்தனை அன்பு இருந்தும் பறவைகள் தங்குவதில்லை.

இவை பெயர்பெற்ற ஊர்கள். பெயர்பெறாத ஏரிகளே தமிழகத்தில் மிகுதி. கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்குத் தென்கிழக்கே, பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட ஸ்ரீமுஷ்ணம் இருக்கிறது. அதற்கும் தென்கிழக்கே, சோழர் வெட்டிய வீராணம் ஏரி நீண்டு கிடக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் பெறும் இவ்வேரி, வயல்களுக்குப் பாசனமும் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. தெற்கே அண்டை மாவட்டமான அரியலூரில் கரைவெட்டி ஏரி, 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகள் அங்கு வந்திறங்குவதுண்டு. வானில் செல்லும் பறவைக்கு இது புகலிடம், அது வெறும் ஏரி என்ற வேறுபாடு தெரியாது. அறிவிப்புப் பலகை இல்லாத கரையில் கண்ணியும் வலையும் காத்திருக்கக்கூடும். சிறகியையும் உள்ளானையும் பிடித்து இறைச்சிக்கு விற்பது சட்டப்படி குற்றமாயினும் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. காவலர் எல்லா ஏரிக்கரையிலும் நிற்க இயலாது. பார்க்கும் கண்கள் நிற்க இயலும்.

பறவை நோக்கல் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து காவல் என்ற நிலைக்கு உயர்வது இவ்விடத்தில்தான். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பள்ளி மாணவர் முதல் முதியவர் வரை எவரும் இதில் பங்கேற்கலாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, ஈபேர்டு இணையத்தளத்தில் பதிவு செய்தால் போதும். இத்தகைய பதிவுகள் வீணாவதில்லை. இந்தியப் பறவைகளின் நிலைபற்றி 2023-இல் வெளிவந்த அறிக்கை, முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் அளித்த ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுவன என்று அது கண்டது.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. நீரில் மிதக்கும் பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணப் புகுந்தால் பாதியில் பறந்துவிடும். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவு கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று கணக்கிடுவர். கூடுகளின் அருகே செல்வதில்லை. தாய்ப்பறவை எழுந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும் என்பதால், நல்ல படம் கிடைக்கும் என்றாலும் விலகியே நிற்பர். இருநோக்கி இல்லாதவரும் கொக்கு, நாரை, நீர்க்காகம் ஆகியவற்றை வெறுங்கண்ணால் அறியலாம். தெரியாத பறவையைத் தெரியாது என்றே எழுதுவர். ஒன்றும் காணப்படாத நாளையும் விடாமல் குறிப்பர். அடுத்த ஆண்டு அதே ஏரியில் ஒரு சிறகிக் கூட்டம் வந்திறங்கும்போது, அது புதிதாக வந்ததா, ஆண்டுதோறும் வருவதா என்பதைச் சொல்ல அந்த வெற்றுவரியே சான்றாக இருக்கும்.